நாரா மேட்டில் யாரும் இல்லை

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய்யைச் சொன்னது நான். நான்கே சொல். அதை முதலில் எழுதிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் எழுதாமலே விட்டுவிடுவேன்.

"மாமா, சாப்பிட்டீங்களான்னு அம்மா கேட்டாங்க."

இதில் பொய் எங்கே இருக்கிறது என்று நீங்கள் தேடலாம். அம்மா அதைக் கேட்கவில்லை. அம்மா சொல்லி அனுப்பியது வேறு. அந்த வேறு வார்த்தைகள் எட்டு நாளாக என் வாயில் கிடக்கின்றன. அவற்றைக் கடைசியில்தான் எழுதுவேன். இப்போதே எழுதினால் நீங்கள் என்மேல் கோபப்பட்டு நோட்டை மூடிவிடுவீர்கள். மாமாமேலும் ஹார்ட்விக்மேலும் போகவேண்டிய கோபமும் சேர்ந்து எனக்கே வரும். பங்கு போட்டுக்கொள்ள எனக்கு ஆள் வேண்டும்.

[இங்கே மணல் மேடுகளின் நிறத்தைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. காலையில் ஆப்ரிகாட் நிறம் என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். ஆப்ரிகாட்டை நான் ஜாம் டப்பாவின் படத்தில் பார்த்ததோடு சரி.]

2

தொடக்கங்கள். மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: "பாலைவனம் கடலில் இறங்கிக் கால் நனைக்கும் இடத்தில், மனிதக் காலடி படாத மணலில்…"

நிறுத்திவிட்டேன். அது என் வாக்கியம் இல்லை, ஹார்ட்விக்கின் விளம்பரத் தாளில் இருப்பது. ஹார்ட்விக் என்றால் இந்தச் சுற்றுலா முகாமின் முதலாளி. நான் அவருடைய சலவை அறையில் வேலை செய்கிறேன். அந்தத் தாளைத் தலையணைக்கு ஒன்றாக வைப்பதும் என் வேலைதான். மனிதக் காலடி படாத மணல்! அது அப்படி இருப்பதற்காகத் தினமும் காலை ஆறு மணிக்கு என் மாமா ஒரு பழைய மீன்வலையை வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போகிறார். அம்மாவின் கழுதை வண்டித் தடம், அம்மாவின் செருப்புத் தடம், என் தடம் எல்லாம் வலைக்கடியில் அழியும். ஒன்பது மணிக்கு விருந்தினர்கள் வந்து இறங்குவார்கள். "நமக்கு முன்னாடி இங்க யாருமே வரலை போல" என்பார்கள். படாத காலடி இல்லை அது. துடைத்த காலடி.

இரண்டாவது: "அன்று ஒரு நரி…"

விலங்கில் தொடங்கினால் நீங்கள் விடாமல் படிப்பீர்கள் என்று நினைத்தேன். இங்கே வருகிறவர்கள் எல்லோருக்கும் விலங்குதான் வேண்டும். நான் எழுதுகிற இந்த நோட்டே விலங்குகளுக்காக அச்சடித்தது. ஓட்டுநர்கள் வழியில் பார்த்ததைப் பதியும் புத்தகம். பக்கத்துக்கு ஐந்து கட்டம்: விலங்கு, எண்ணிக்கை, இடம், நேரம், குறிப்பு. அட்டை கிழிந்தால் பாதி எழுதாமலே தூக்கிப் போட்டுவிடுவார்கள். நான் எடுத்துப் படுக்கை விரிப்புகளுக்கு அடியில் ஒளித்து வைப்பேன். இது பதினோராவது. கட்டங்களுக்குக் குறுக்கே எழுதப் பழகிவிட்டேன். ஒரே ஒருமுறை கட்டத்துக்குள் அடங்கி எழுதினேன்:

அம்மா. 1. நாரா மேடு. காலை 7.20. கையில் கோல், கோபமாக இருந்தது.

மூன்றாவது: "என் பெயர் ரீக்கா, வயது பதினேழு, ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னபோது வாய் திறக்காமல்…"

இதுவும் வேண்டாம். விடுதிப் பள்ளியை விட்டு வந்த கதை எனக்கே அலுத்துவிட்டது. பயந்தவளைப் பற்றி எழுதி என்ன ஆகப்போகிறது? அவள் பயந்ததால் யாருக்கு என்ன கெட்டது என்பதை எழுத வேண்டும்.

ஆகவே நான்காவதாக, தொடக்கமே இல்லாமல் தொடங்குகிறேன்.

3

எங்கள் பக்கம் வளர்ந்த அக்காவும் தம்பியும் நேருக்கு நேர் பேசிக்கொள்ள மாட்டார்கள். சண்டை இல்லை, மரியாதை. நடுவில் ஒரு ஆள் நின்று சொல்லை வாங்கிக் கொடுக்க வேண்டும். என் அம்மா மாக்டலேனாவுக்கும் அவளுடைய தம்பி சகேயுஸ் மாமாவுக்கும் நடுவில் ஆறு வயதிலிருந்து நிற்பது நான்.

"ரீக்கா, உன் மாமாகிட்ட சொல்லு, கழுதை கட்டுற கயிறு இத்துப்போச்சுன்னு."

மாமா பத்தடி தள்ளித்தான் நின்றுகொண்டிருப்பார். எல்லாம் காதில் விழும். ஆனால் முகத்தைக் கடல் பக்கம் திருப்பி வைத்திருப்பார்.

"மாமா, கயிறு இத்துப்போச்சாம்."

"அப்படியா! இப்பதான் கேள்விப்படறேன். நாளைக்குப் புதுசு வரும்னு உங்கம்மாகிட்ட சொல்லு."

"அம்மா, நாளைக்கு…"

"கேட்டுச்சு, கேட்டுச்சு. எனக்கென்ன காது செவிடா? போன தடவை மாதிரி படகுக்காரன் தூக்கிப்போட்டதைப் புதுசுன்னு கொண்டாந்து நீட்ட வேண்டாம்னு சொல்லு."

"மாமா, படகுக்காரன்…"

"அது அரைப் புதுசுன்னு சொல்லு!"

நீங்கள் சிரிக்கலாம். நாங்களும் சிரிப்போம். ஆனால் அக்காவின் சொல் நடுவாளின் வாயிலிருந்து வெளியே வந்துவிட்டால் தம்பி அதை மீற முடியாது. மீறினவனை ஊரில் யாரும் திட்டக்கூட மாட்டார்கள். அவன் வரும்போது பேச்சை நிறுத்திக்கொள்வார்கள், அவ்வளவுதான். அதுபோலவே, நடுவாள் சொல்லாத வரைக்கும் அந்தச் சொல் கிடையாது. தம்பி பத்தடியில் நின்று கேட்டிருந்தாலும் கிடையாது. எவ்வளவு பெரிய வேலை இது! இதை யார் தலையில் கட்டினார்கள் பாருங்கள்.

* இன்னொரு வழக்கமும் உண்டு, பின்னால் தேவைப்படும். அக்காவின் பிள்ளை தாய்மாமனிடமிருந்து பிடித்ததைக் கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம். மாமா திருப்பிக் கேட்கக் கூடாது. பதிலுக்கு அவர் அந்தப் பிள்ளையிடமிருந்து உதவாத பொருள் ஒன்றை எடுத்துக்கொள்வார்: ஓட்டைச் சட்டி, அறுந்த செருப்பு, அப்படி ஏதாவது. என் பெரியம்மா பிள்ளைகள் மாமாவின் பூட்ஸ், இரண்டு ஆடு, கூலிங்கிளாஸ் எல்லாவற்றையும் எடுத்தாகிவிட்டது. நான் மட்டும் இதுவரை ஒன்றும் எடுத்ததில்லை.

4

மாமாவைப் பற்றி எனக்குச் சந்தேகம். கதாபாத்திரமாக.

போன வாரம் எழுதிக் கிழித்த முதல் வரைவில் அவரைக் கெட்டவராக்கினேன். தங்கப் பல் வைத்தேன். ஹார்ட்விக் முன்னால் குனிந்து குனிந்து நிற்க வைத்தேன். இரண்டு பக்கம் சுகமாக ஓடியது. கோபத்தில் ஆளை வரைவது சுலபம், தாளில் பேனா வழுக்கிக்கொண்டு போகும். மறுநாள் படித்துப் பார்த்தால் அந்தப் பக்கத்தில் இருந்தது என் மாமா இல்லை, யாரோ ஒருவர்.

என் மாமாவுக்கு எல்லாப் பல்லும் வெள்ளை. அவர் குனிய மாட்டார், முதுகு பிடிப்பு. விருந்தினர்களைச் சிரிக்க வைப்பார். கடற்கரை நரி தினமும் அதே நேரத்துக்கு வண்டிக்கு முன்னால் வந்து நிற்கும். "பத்து வருஷமா ஒரு நாள்கூட லீவு எடுக்காத ஒரே ஊழியர்" என்று அதை அறிமுகம் செய்து வைப்பார். என்னைப் பார்த்தால், "என்ன மருமகளே, வாய் இருக்கா, இல்ல அதையும் துவைச்சுக் காயப்போட்டுட்டியா?" என்பார். விருந்தினர்கள் மறந்துவிட்டுப் போகும் பேனாக்களைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து, ஒன்றும் கேட்காமல், சலவை அறை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டுப் போவார். இந்த வரியை நான் எழுதுவதும் அவர் வைத்த பேனாவால்தான். அதில் ஏதோ ஒரு ஜெர்மன் மருந்துக் கடையின் பெயர் இருக்கிறது.

இப்படிப்பட்டவரை எப்படிக் கெட்டவராக்குவது? ஆனால் கோபம் போகவில்லையே. கெட்டவர்மேல் கோபப்படுவது எளிது. பேனா கொண்டுவந்து கொடுத்தவர்மேல் கோபப்பட்டால் பேனா தாளில் சிக்கிக்கொள்கிறது. பெலீந்தா அக்காவிடம் கேட்டேன். சமையலறையில் வேலை செய்கிறவள்.

"உன் மாமா நல்லவனா கெட்டவனாடி?" என்று அவள் என்னையே திருப்பிக் கேட்டாள்.

"தெரியல."

"வண்டி ஓட்டறவன். எவன் பக்கத்துல உக்காந்து வழி சொல்றானோ அந்தப் பக்கம் திருப்புவான். ஒன்னு சொல்லட்டுமா, உங்கம்மா சொன்னா அந்த வண்டியைக் கடலுக்குள்ளகூட விடுவான். அவ சொல்லணும். அவ்வளவுதான்."

அவளுக்குத் தெரியாது, அம்மா சொல்லியாகிவிட்டது என்று.

5

ஹார்ட்விக்குக்கு ஒரு புது ஆசை. மணல்மேட்டின் மேல் மரப்பலகை அடித்து ஒரு தளம் போட வேண்டும். அதில் மேசை, நாற்காலி, வெள்ளைத் துணி, ஐஸ் வாளி, சிப்பி. வண்டிகள் கடற்கரையைச் சுற்றிவிட்டு நேராக அங்கே ஏறி நிற்க ஒரு தடம். தேர்ந்தெடுத்த இடம் எங்கள் நாரா மேடு.

நாரா என்பது இலையில்லாத முள்புதர். காற்று கொண்டுவரும் மணலைப் பிடித்துப் பிடித்துத் தானே மேடாகும். வீட்டுயரம் வளர்ந்த மேடும் உண்டு. அதில் தலை அளவுக்கு, மேலெல்லாம் மழுங்கின முள்ளோடு பழம் காய்க்கும். அம்மா கோலால் தட்டிப் பார்த்துப் பறிப்பாள், பீப்பாயில் போட்டுக் காய்ச்சுவாள், விதையை வடித்து எடுப்பாள். எங்கள் வீட்டில் வருடம் முழுக்கச் சாப்பாடு அதிலிருந்துதான். ஒவ்வொரு மேடும் ஒரு குடும்பத்துடையது. வேலி கிடையாது. வேலி எதற்கு, எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் என்றால் ஹார்ட்விக்கைத் தவிர. அம்மாவுக்கு ஐந்து மேடு. அதில் பெரியதன்மேல்தான் ஐஸ் வாளி வரப்போகிறது. வண்டி ஏறினால் வேர் அறும். வேர் அறுந்தால் மேட்டை மணல் விட்டுப் போய்விடும். ஒரு மேடு உருவாக எவ்வளவு காலம் ஆகும் என்று அம்மாவிடம் கேட்டதற்கு, "நான் பார்க்கல, அதுக்கு முன்னாடியே இருந்துச்சு" என்றாள்.

நகரத்து அலுவலகம் ஒரு காகிதம் கேட்டிருந்தது. "மேற்படி இடத்தில் யாரும் வசிக்கவோ, மேய்க்கவோ, பறிக்கவோ இல்லை என்பதை, இப்பகுதியை நன்கு அறிந்த நான் உறுதி கூறுகிறேன்." கீழே கோடு. நன்கு அறிந்தவர் கையெழுத்து. அப்படி முகாமில் ஒரே ஒருவர்தான்.

சென்ற செவ்வாய்க்கிழமை காலை அம்மாவுக்கு விஷயம் தெரிந்தது. கழுதைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவள் வாளியைக் கீழே வைத்தாள். சொன்னாள். ஆறேழு வாக்கியம். சத்தம் போடவில்லை. "அப்படியே போய்ச் சொல்லு. ஒரு வார்த்தை குறைக்காதே" என்றாள்.

இரண்டு மணி நேரம் நடந்தேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். மூடுபனி இருந்தது, எதிரே யாரும் தெரியவில்லை, அதனால் சத்தமாகவே சொல்ல முடிந்தது. கடைசியில் ஒரு கெம்ஸ்பொக் மான் மட்டும் நின்று கேட்டது. மானிடம் ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னேன்.

மாமா முகாம் வாசலில் ஹார்ட்விக்கோடும் விருந்தினர்களோடும் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். ஏழெட்டு முகம் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பியது.

"அடடே, தூது வந்தாச்சு! என்ன ரீக்கா, உங்கம்மா என்ன சொன்னாங்க?"

இதற்கு மேல் நடந்தது உங்களுக்குத் தெரியும். முதல் பக்கத்தில் இருக்கிறது.

மாமா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"சாப்பிட்டேன்னு சொல்லு."

வீட்டுக்கு வந்தேன். "சொன்னியா?" என்றாள் அம்மா. தலையை ஆட்டினேன். வாய் திறக்காமலேகூடப் பொய் சொல்லலாம். அதில் எனக்கு நல்ல பயிற்சி.

6

நேற்று. பெலீந்தா அக்காவுக்குக் கால் சுளுக்கு. மேசை போட ஆள் இல்லை என்று என்னை வண்டியில் ஏற்றினார்கள். புது இடத்தை விருந்தினர்களுக்குக் காட்ட ஹார்ட்விக்கும் கூட வந்தார். இந்த முகாமில் மூன்று வருடமாக இருக்கிறேன், விருந்தினர்கள் பார்ப்பதை நான் பார்த்தது நேற்றுதான்.

[இந்த இடத்தில் பயணத்தை விவரமாக எழுத வேண்டும். நீங்கள் காத்திருந்தது இதற்காகத்தானே. சரி, கட்டத்தில் போடுகிறேன்.]

கடல்நாய். எண்ண முடியவில்லை. வளைகுடா முனை. 9.40. நாற்றம், விருந்தினர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு படம் எடுத்தார்கள்.
பூநாரை. ஏறக்குறைய இருநூறு. உப்பங்கழி. 10.15. ஒரே நேரத்தில் எழும்பின. ஒரு ஐயா அழுதார்.
நரி. 1. வழக்கமான இடம். 10.30. சொன்ன நேரத்துக்கு வந்தது.
கெம்ஸ்பொக். 1. மேட்டு முகடு. 11.05. மானுக்கு என்னைத் தெரியும் என்று நினைக்கிறேன்.

போதும். மாமா டயரில் காற்றைக் குறைத்தார், வண்டி மணலில் படகு மாதிரி ஏறியது. நாரா மேட்டில் கொண்டுபோய் நிறுத்தினார். முன்சக்கரம் புதரின் ஓரத்தில் நின்றது. ஒரு காய் நசுங்கிய சத்தம் எனக்குக் கேட்டது. மாமாவுக்கும் கேட்டிருக்கும். அவர் ரேடியோவின் ஒலியைக் கூட்டினார்.

நான் மேசை விரித்தேன். நானே இஸ்திரி போட்ட துணி. சிப்பித் தட்டைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவராகப் போனேன். அப்போது வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு அம்மா புதருக்கு அடியிலிருந்து எதையோ உருவி எடுத்தார்.

"இங்க பாருங்க! இது என்னது?"

அம்மாவின் நாராக் கோல். சென்ற வெள்ளிக்கிழமை விட்டுவிட்டு வந்திருந்தாள். பிடிக்கிற இடத்தில் நீல நைலான் கயிறு சுற்றியிருக்கும். முகாமின் துணி காயப்போடும் கொடியிலிருந்து நான் வெட்டிக் கொடுத்த கயிறு.

மாமா அதைக் கையில் வாங்கினார். அவருக்குத் தெரியாமல் இல்லை. அந்தக் கோலைச் செதுக்கிக் கொடுத்ததே அவர்தான். என்னைப் பார்த்தார். ஹார்ட்விக்கைப் பார்த்தார்.

"இது ரொம்பப் பழைய கருவி, மேடம்."

"எவ்வளவு பழசு?"

"சொல்றது கஷ்டம். இங்க முன்னாடி ஒரு ஜனம் இருந்திருக்கு. நூறு வருஷம் இருக்கலாம்."

"அவங்கள்லாம் எங்க போனாங்க?"

"காத்து கொண்டுபோயிருக்கும்."

எல்லோரும் ஒரு நிமிடம் அமைதியாக இருந்தார்கள். காற்று கொண்டுபோன ஜனத்துக்கு மரியாதை! காற்று கொண்டுபோன ஜனத்தில் ஒருத்தி அவர்கள் மூக்குக்கு நேரே சிப்பித் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், எலுமிச்சை வேண்டுமா என்று கேட்பதற்காக. நூறு வருடத்துக்கு முன்னால் நைலான் கயிறு இருந்ததா என்று ஆறு பேரில் ஒருவருக்காவது கேட்கத் தோன்ற வேண்டாமா? படித்தவர்கள். அதில் ஒருவர் பல்கலைக்கழகத்தில் பாடம் சொல்கிறவர். நான் ஒன்பதாவதோடு நின்றவள், எனக்குத் தோன்றுகிறதே!

[இங்கே நான்கு வரி வசவு. அடித்துவிட்டேன். நல்ல வசவுதான், வருத்தமாக இருக்கிறது.]

அந்த அம்மா கோலைத் தன் பையில் வைத்துக்கொண்டார். ஹார்ட்விக் காகிதத்தை எடுத்து வண்டியின் முன்பக்கத்தில் விரித்தார்.

"உங்க அக்கா ஒன்னும் பிரச்சினை பண்ண மாட்டாங்களே, சகேயுஸ்?"

"அக்கா ஆள் அனுப்பினாங்க. சாப்பிட்டியான்னு கேட்டாங்க. கோபம் இருந்தா அப்படியா கேப்பாங்க?" மாமா என் பக்கம் திரும்பினார். "என்ன ரீக்கா, அப்படித்தானே?"

இந்த இடத்தில் நிறுத்துகிறேன். இந்தக் கேள்வியை ராத்திரி முழுக்க நினைத்தேன். அவர் என்னைச் சாட்சிக்கு இழுத்தாரா, இல்லை, இப்பவாவது சொல்லு என்று வாய்ப்புக் கொடுத்தாரா? எழுதுகிறவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியவில்லை.

வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. மாமா கையெழுத்துப் போட்டார்.

7

இதற்கு நேற்று ராத்திரியே மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன். மூன்றும் பொய்.

ஒன்று: ஆற்றுப்படுகையிலிருந்து ஒரு சிங்கம் வருகிறது. விருந்தினர்கள் ஓடுகிறார்கள், காகிதம் காற்றில் பறக்கிறது. நன்றாக இருந்தது. ஆனால் எங்கள் வழக்கைச் சிங்கம் எதற்குப் பேச வேண்டும்? அதற்கு ஏற்கெனவே நிறைய ஆதரவாளர்கள் இருக்கிறார்கள், டீ சட்டையில்கூடப் படம் போட்டிருக்கிறார்கள்.

இரண்டு: மூடுபனிக்குள்ளிருந்து அம்மா நடந்து வருகிறாள். வழக்கத்தை உடைத்துத் தம்பியின் முகத்தைப் பார்த்து நேராகப் பேசுகிறாள். எழுதும்போதே அழுதேன், நான்கு பக்கம். பிறகு வெட்கமாகிவிட்டது. நான் வாயை மூடிக்கொண்டிருப்பதற்காக அம்மா தன் மரியாதையை உடைக்க வேண்டுமா? அதுவும் அம்மா அப்போது வீட்டில் பீப்பாயைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

மூன்று: நான் பேசுகிறேன். என்ன பேச்சு! எல்லோரும் தலை குனிகிறார்கள். கிழித்து அடுப்பில் போட்டேன்.

நடந்தது இதுதான். இடது கையில் சிப்பித் தட்டு இருந்தது. வலது கை போய்க் காகிதத்தை எடுத்தது. மடித்து ஏப்ரன் பையில் வைத்தது. கை எடுத்தது என்றுதான் எழுத முடியும், நான் எடுத்தேன் என்று எழுதப் பயமாக இருக்கிறது.

"ஏய், என்ன பண்றே? அதைக் குடு" என்றார் ஹார்ட்விக்.

மாமா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "எடுத்துட்டா" என்றார்.

"என்ன எடுத்துட்டா?"

"என் அக்கா மக. பதினேழு வருஷமா ஒன்னும் எடுக்காம இருந்தவ இன்னைக்கு எடுத்துட்டா. எடுத்தா எடுத்ததுதான். நான் திருப்பிக் கேட்க முடியாது."

"சகேயுஸ், அது என் காகிதம்."

"காகிதம் உங்களுது. கையெழுத்து என்னோடது. ரெண்டையும் எப்படிப் பிரிக்கிறதுன்னு நீங்களே சொல்லுங்க."

வெள்ளைத் தொப்பி அம்மா சந்தோஷமாக, "இது ஏதாவது சடங்கா? ஒரு படம் எடுத்துக்கலாமா?" என்று கேட்டார். எடுத்துக்கொண்டார். ஆக, நாரா மேட்டில் ஆள் இருந்ததற்கு ஒரு படம் சாட்சி இருக்கிறது, எந்த ஊரிலோ.

ஹார்ட்விக் சிரித்துச் சமாளித்தார். "பரவாயில்ல. வேற ஒன்னு அச்சடிக்கிறேன். வெள்ளிக்கிழமை நகரத்துக்குப் போறேன், அதுக்குள்ள மறுபடி போட்டுக் குடு."

மாமா காலால் டயரைத் தட்டிப் பார்த்தார். திரும்பி வரும் வழியில் நரி நின்றது. அதை அவர் யாருக்கும் அறிமுகம் செய்யவில்லை.

* இன்று காலை அந்த அம்மாவின் அறையைக் கூட்டும்போது கோல் பெட்டியின்மேல் இருந்தது. எடுக்கவில்லை. அவருக்கு நான் மருமகள் இல்லை. ஒரு துண்டுத் தாளில் எழுதி நீலக் கயிற்றில் கட்டிவிட்டு வந்தேன்: "சொந்தக்காரர்: மாக்டலேனா. வயது ஐம்பத்திரண்டு. உயிரோடு இருக்கிறார்."

8

இன்று புதன். அறை கூட்டி முடித்த கையோடு, காலையிலேயே மாமா சலவை அறை வாசலில் வந்து நின்றார்.

"நீ எடுத்துட்டே. பதிலுக்கு நான் உதவாதது ஒன்னு எடுக்கணுமே, மருமகளே."

கிழிந்த ஏப்ரனைக் காட்டினேன்.

"அது வேண்டாம்." அவர் விரிப்பு அடுக்கைப் பார்த்தார். "அந்த அடுக்குக்கு அடியில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். பேனா கொண்டாந்து வச்சவன் நான். சாயங்காலம் வந்து எடுத்துக்கறேன்."

போனவர் திரும்பி வந்தார்.

"அன்னைக்கு அவ்வளவுதானான்னு கேட்டேன். நீ அவ்வளவுதான்னே."

போய்விட்டார்.

உதவாத பொருளா இது? பதினோரு புத்தகம் எழுதியிருக்கிறேன், உதவாததா? அரைமணி நேரம் கோபத்தில் நின்றேன். பிறகு கோபத்தோடே உட்கார்ந்து, இந்தக் கதையை முதலிலிருந்து இந்த வரி வரைக்கும் எழுதினேன். நீங்கள் படித்தது ஒரே பகலில் எழுதியது, அதுதான் இவ்வளவு அடித்தல் திருத்தல்.

அவர் எதற்காக இந்த நோட்டைக் கேட்கிறார்? உள்ளே அவருடைய கையெழுத்து இருக்கும் என்றா? அல்லது அக்கா உண்மையில் சொன்னது இருக்கும் என்றா? எனக்குத் தெரியவில்லை என்று முன்பே சொன்னேன். அதனால் இப்படிச் செய்திருக்கிறேன். அந்தக் காகிதத்தை அடுத்த பக்கத்தோடு சேர்த்து ஊசி நூலால் தைத்துவிட்டேன். அதற்கு அடுத்த பக்கத்தில் அம்மாவின் சொல். தன் கையெழுத்தைப் புரட்டாமல் அவர் அக்காவின் சொல்லுக்கு வர முடியாது. காகிதத்தைப் பிய்த்துக்கொண்டு நோட்டை அங்கேயே மூடிவிடவும் செய்யலாம். மூடிவிட்டால் நடுவாள் இன்னும் சொல்லவில்லை என்று அர்த்தம், வெள்ளிக்கிழமை அவர் சுகமாகக் கையெழுத்துப் போடலாம். புரட்டினால், சொல்லியாகிவிட்டது. எழுத்தில் வந்த சொல்லுக்கு வழக்கத்தில் இடம் உண்டா என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. உண்டு என்று நான் முடிவு செய்திருக்கிறேன்.

முடிவை என்னால் எழுத முடியாது, அது சாயங்காலம்தான் வரும். நோட்டு எப்படியோ உங்கள் கைக்கு வந்திருக்கிறது. நீங்களே பாருங்கள். அடுத்த பக்கத்தில் காகிதம் தைத்தபடி இருக்கிறதா, வெறும் நூல் மட்டும் தொங்குகிறதா? எது இருந்தாலும், ஹார்ட்விக் மாதிரி சமாளிக்காமல், பார்த்ததைப் பார்த்தபடி சொல்லுங்கள்.

இனி அம்மா சொன்னது. ஒரு வார்த்தை குறைக்கவில்லை.

"உன் மாமாகிட்டப் போய் நேரா நின்னு சொல்லு, தரையைப் பார்த்துச் சொல்லாதே. அந்த மேட்டுல வண்டி ஏறக் கூடாது. அந்தக் காகிதத்துல அவன் பேரு வரக் கூடாது. அக்கா சொன்னான்னு சொல்லு. எங்க அம்மா படுக்கையில கிடந்தப்ப எனக்குப் பத்து வயசு, அவனுக்கு ரெண்டு. அவனை முதுகுல கட்டிக்கிட்டுத்தான் நான் அந்த மேட்டுல ஏறி ஏறிப் பழம் பறிச்சேன், முள்ளு என் கால்லதான் ஏறிச்சு, அவன் காலு மணலைத் தொடவே இல்ல. அங்க யாருமே இல்லேன்னா, அவன் யார் முதுகுல இருந்தான்னு கேளு."